92-க்கு விலை என்ன?

கடைத்தெருவிலே ஒரு காலம் இருந்தது. ஊருக்கு ஒரு படி. சில ஊர்களிலே கடைக்கு ஒரு படி! நெல் கொண்டுவரும் உழவனிடம் அளந்து வாங்க ஒரு படி, அரிசி வாங்க வரும் கூலிக்காரனுக்கு அளந்து போட வேறொரு படி! 'என்ன ஐயா இது?' என்று கேட்டால், 'படி என்றால் படிதானே!' என்பான் வணிகன், முகத்திலே சிரிப்பு மாறாமல். பெயர் ஒன்று, அளவு வேறு. அந்த வேறுபாட்டுக்குள்ளேதான் அவன் வீட்டு மாடி எழும்பிற்று. இவன் வீட்டு அடுப்பு அணைந்தது. 1956-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டம் பிறந்தது. லிட்டரும் கிலோவும் வந்து, மெல்ல மெல்ல அந்தப் படிகள் பரணுக்குப் போயின.

அரிசிக்குக் கிடைத்த அந்த நேர்மை, அறிவை அளக்கும் இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. எங்கே? ஏழை நாட்டிலா? எழுத்தறிவில்லாத காட்டிலா? இல்லை! நிலவிலே கால் பதித்த அமெரிக்க நாட்டிலே! (அந்த நாடு கிலோவையும் இன்னும் முழு மனத்தோடு ஏற்கவில்லை, பவுண்டையும் மைலையும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அது வேறு கதை.)

அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவனைக் கல்லூரி வாயிலிலே நிறுத்தி, 'உன் ஜி.பி.ஏ. என்ன?' என்று கேட்கிறார்கள். பாடம்தோறும் வாங்கிய மதிப்பெண்ணை எழுத்தாக்கி, எழுத்தைப் புள்ளியாக்கி, புள்ளிகளைக் கூட்டி வகுத்து வரும் சராசரிக்குத்தான் அந்தப் பெயர். 'ஏ' என்றால் 4, 'பி' என்றால் 3, 'சி' 2, 'டி' 1, 'எஃப்' என்றால் சுழி. கேட்க எளிமைதான்! ஆனால் எத்தனை மதிப்பெண் எடுத்தால் 'ஏ'? அங்கேதான் படி மாறுகிறது.

2015 வரை வட கரோலினா மாநிலத்துப் பள்ளிகளிலே 93 எடுத்தால்தான் 'ஏ'. 92 எடுத்தவர் 'பி'. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜியார்ஜியாவிலோ 90 எடுத்தாலே 'ஏ'. ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். எல்லாப் பாடங்களிலும் 92 எடுத்தவள். எல்லைக்கு இந்தப் பக்கம் வீடிருந்தால் அவள் சராசரி 3.0, அந்தப் பக்கம் வீடிருந்தால் 4.0! அவள் கண் விழித்த இரவுகள் கூடவில்லை, குறையவில்லை. அவள் அறிவு ஓர் அங்குலம் ஏறவில்லை, இறங்கவில்லை. வீட்டு வாசல் மாறிற்று, விலை மாறிற்று!

மேலே இருப்பவள் கதை அது. கீழே இருப்பவன் கதை இன்னும் கொடிது. 70-க்குக் கீழே போனால் வட கரோலினாவிலே தோல்வி. நூறைப் பத்துப் பத்தாகப் பங்கிடும் பள்ளிகளிலே 69 என்பது 'டி' — தேர்ச்சி! ஓரிடத்திலே அந்தப் பாடம் முடிந்தது என்று சான்று. இன்னோரிடத்திலே அதே பாடத்தை மறுபடியும் படி என்று கட்டளை. மேலே இருப்பவளுக்குப் பெருமை போயிற்று, கீழே இருப்பவனுக்கு ஓர் ஆண்டே போயிற்று.

2015-16 கல்வியாண்டு தொடங்கி அந்த மாநிலம் பத்துப் புள்ளி அளவுகோலுக்கு மாறிக்கொண்டது. அடுத்த ஆண்டு தென் கரோலினாவும் மாறிற்று. நல்லது, பாராட்டுவோம். ஆனால் கேட்காமலிருக்க முடியவில்லை: அதற்கு முன்னே 92-ஐக் கையிலே வைத்துக்கொண்டு, 'பி' என்ற முத்திரையோடு கல்லூரிக் கதவைத் தட்டினார்களே, அவர்களுக்கு யார் திருப்பித் தருவது?

தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்திலே, விர்ஜீனியா மாநிலத்திலே, ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி என்றொரு வட்டாரம். செல்வம் கொழிக்கும் இடம். அங்கே 94 எடுத்தால்தான் 'ஏ' என்றிருந்தது. பெற்றோர் விடவில்லை. 'எங்கள் பிள்ளைகள் அண்டை மாநிலத்துப் பிள்ளைகளோடு போட்டியிடும்போது இந்த அளவுகோல் அவர்கள் காலைக் கட்டுகிறது' என்று ஒன்று கூடினார்கள், கணக்குக் காட்டினார்கள், கல்விக் குழுவின் கூட்டங்களிலே குரல் எழுப்பினார்கள். 2009 ஜனவரியிலே அளவுகோலை மாற்றவே வைத்தார்கள்! அதோடு, கடினப் பாடங்களுக்குத் தரும் கூடுதல் புள்ளியையும் அரையிலிருந்து ஒன்றாக்கிக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்டது நியாயமே. குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளவுகோல் தவறு என்று கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டும். கண்டுபிடித்ததைக் கணக்காக்க ஓய்வு வேண்டும். கூட்டத்துக்குப் போக மாலை நேரம் வேண்டும், பேச ஆங்கிலம் வேண்டும், காரும் வேண்டும். இரண்டு வேலை பார்த்து நள்ளிரவிலே வீடு திரும்பும் தாய் எந்தக் கல்விக் குழுவின் முன்னே போய் எந்தக் கணக்கைக் காட்டுவாள்?

ஏன் இப்படி ஊருக்கொரு முறை என்று கேட்கலாம். அமெரிக்காவிலே கல்வி நடுவணரசின் கையிலே இல்லை. மாநிலங்களின் கையிலே இருக்கிறது. மாநிலங்களும் பெரும்பகுதியை வட்டாரக் குழுக்களிடம் விட்டிருக்கின்றன. சுமார் 13,000 பள்ளி வட்டாரங்கள்! அதிகாரம் மக்களுக்கு அருகிலே இருப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்களல்ல நாம். டெல்லியிலே உட்கார்ந்து திருநெல்வேலிப் பள்ளிக்கு மணி அடிக்கக்கூடாது என்று சொல்லி வந்தவர்கள். வட்டாரம் தன் பள்ளியைத் தானே நடத்தட்டும். ஆனால் 13,000 அச்சகங்கள் தனித்தனியே நாணயம் அச்சடித்து, எல்லா நாணயத்துக்கும் 'ஜி.பி.ஏ.' என்ற ஒரே முகத்தைப் பொறித்து, ஒரே சந்தையிலே செலாவணிக்கு விட்டால் யார் ஏமாறுவார்? சந்தையின் சூட்சுமம் தெரியாதவன் ஏமாறுவான்.

இந்த எழுத்துகளும் எண்களும் ஏதோ வானத்திலிருந்து இறங்கியவை போல் பேசுகிறவர்கள் உண்டு. வரலாற்றைப் புரட்டுவோம். 1785-ஆம் ஆண்டு, யேல் கல்லூரியின் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ், 58 மாணவர்களைத் தேர்வு செய்து நான்கு கூறாகப் பிரித்தார். மிகச் சிறந்தோர் 20, அடுத்த சிறப்பினர் 16, அதற்கும் கீழே 12, கடைசி வரிசை 10. கூறுகளுக்கு இலத்தீன் மொழியிலே பெயர். நாலு சாதி! நல்ல வேளை, பிறப்பாலே அல்ல. 1897-ல் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரி எழுத்துகளை எண்களோடு கட்டிற்று. அங்கே 'ஏ' எதற்குத் தெரியுமா? 95-க்கு மேலே! அன்றைக்கு 95, பின்னே ஓரிடத்திலே 94, ஓரிடத்திலே 93, ஓரிடத்திலே 90. மனிதன் வரைந்த கோடு. மனிதன் நகர்த்திய கோடு.

கோடாவது போகட்டும். அந்த 92 என்ற எண்ணே உறுதியானதா? 1912-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலே ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். இரண்டு ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்து, பல உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 பள்ளிகளிலிருந்து திருத்திய தாள்கள் திரும்பி வந்தன. தாள் ஒன்று, கேள்வி ஒன்று, எழுத்து ஒன்று. மதிப்பெண்? ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை! இன்னொரு தாளுக்கு 50 முதல் 97 வரை! 'மொழிப் பாடம், சுவையைப் பொறுத்தது, அப்படித்தான் இருக்கும்' என்று சிலர் சமாதானம் சொன்னார்கள் போலும். அடுத்த ஆண்டே வடிவக் கணிதத் தாள் ஒன்றை அனுப்பினார்கள். கணக்காயிற்றே, இரண்டும் இரண்டும் நான்காயிற்றே! வந்தது 28 முதல் 95 வரை! ஒருவர் சாய்த்துவிட்டார், இன்னொருவர் முடி சூட்டிவிட்டார், ஒரே பையனுக்கு!

ஆடும் எண்ணின் மேலே நகரும் எழுத்து. இந்த இரண்டு மாடியும் போதாதென்று மூன்றாவது மாடி ஒன்றையும் எழுப்பினார்கள். அதுதான் எடை கூட்டிய ஜி.பி.ஏ.

இதன் தோற்றத்திலே ஒரு நியாயம் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. 1950-களின் நடுவிலே 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்ற திட்டம் எழுந்தது. சுருக்கமாக ஏ.பி. என்பார்கள். கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே படிக்கலாம். மே மாதத்திலே நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு. 1 முதல் 5 வரை மதிப்பு. இப்படிக் கடினமான பாடத்தை எடுத்துப் படித்து 'பி' வாங்கும் பிள்ளையும், எளிய பாடத்திலே 'ஏ' வாங்கும் பிள்ளையும் நின்றால், முதற்பிள்ளை தாழ்ந்து போகலாமா? மலை ஏறியவன் மூச்சு வாங்குவதைப் பார்த்து, தரையிலே நடந்தவன் சிரிக்கலாமா? ஆகவே ஏ.பி. பாடத்திலே 'ஏ' வாங்கினால் 4 அல்ல, 5 என்றார்கள். சில பள்ளிகள் அரைப் புள்ளி கூட்டின, சில ஒன்று. வட கரோலினா 2015-க்கு முன்னே இரண்டு புள்ளியே கூட்டிக் கொடுத்தது! டெக்சாசிலே சில வட்டாரங்களிலே உச்சம் 5, சில வட்டாரங்களிலே 6, இன்னும் சிலவற்றிலே நூற்றுக்கு நூறையும் தாண்டிய எண்கள். சில பள்ளிகளோ எதையும் கூட்டுவதில்லை.

விளைவைப் பாருங்கள். டெக்சாசிலே குடியேறிய நம்மவர் வீடு ஒன்றிலே நடக்கக்கூடிய பேச்சு இது.

"அப்பா, பாட்டு வகுப்பை விட்டுவிடலாமென்று இருக்கிறேன்."

"ஏனம்மா? உனக்குப் பிடித்ததாயிற்றே! அதிலே 'ஏ' வாங்குகிறாயே!"

"அதனாலேதான் அப்பா!"

அப்பாவுக்குத் தலை சுற்றும். நமக்கும் சுற்றும். கணக்கைப் போட்டால் தெளியும். ஆறு ஏ.பி. பாடம், ஆறிலும் 'ஏ'. ஆறைந்து முப்பது, ஆறால் வகுத்தால் 5.0. பாட்டு வகுப்பிலும் 'ஏ' வாங்கினாள். ஆனால் அதற்கு எடை இல்லை, 4-தான். முப்பத்து நான்கை ஏழால் வகுத்தால் 4.86! அதே ஆறு பாடத்தை எடுத்து, பாட்டு வகுப்பு நேரத்திலே சும்மா உட்கார்ந்திருந்தவன் 5.0. சும்மா இருந்தவன் முதலிடம், பாடிக் காட்டியவள் இரண்டாமிடம்! உழைத்தால் உயர்வு என்று சுவரிலே எழுதி வைத்துவிட்டு, உழைப்பைக் கூட்டினால் சராசரி குறையும் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்!

இது வெறும் பெருமைக்கான போட்டியல்ல. டெக்சாசிலே 1997-ஆம் ஆண்டு ஒரு சட்டம் பிறந்தது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் நூற்றுக்குப் பத்து என்ற முதல் வரிசைக்குள் வருவோருக்கு அந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகங்களிலே தானாகவே இடம். நல்ல சட்டம்! பருத்திக் காட்டுப் பள்ளியின் முதல் மாணவனும் பெருநகரத்துப் பள்ளியின் முதல் மாணவனும் ஒரே வாயிலாலே நுழையலாம் என்றது. ஆனால் ஆஸ்டின் பல்கலைக்கழகத்திலே நெருக்கடி கூடக் கூட, பத்து குறைந்தது. 2026-ல் சேர்வோருக்கு ஐந்து என்று அறிவித்தார்கள். கோடு இறுக இறுக, நூறிலே ஒரு பங்குப் புள்ளி ஒரு பிள்ளையை உள்ளே தள்ளும், ஒரு பிள்ளையை வெளியே தள்ளும். முதலிடம் யாருக்கு என்று நீதிமன்றப் படியேறியவர்களும் அந்த நாட்டிலே உண்டு.

சரி, எடையைக் கூட்டும் அந்தப் பாடங்கள் எல்லாப் பள்ளியிலும் கிடைக்கின்றனவா? நம் வழக்கின் உயிர்நிலை இந்தக் கேள்விதான்.

1999-ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே, லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே இங்கிள்வுட் என்ற ஊரின் மாணவர்கள் மாநில அரசின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் பள்ளியிலே படித்தோர் ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர், இலத்தீன் அமெரிக்க வழியினர். அங்கே இருந்த ஏ.பி. பாடங்கள் மூன்றே மூன்று! கணக்கிலே ஒன்றுமில்லை, அறிவியலிலே ஒன்றுமில்லை. கொஞ்ச தூரத்திலே, திரைப்பட நட்சத்திரங்களின் மாளிகைகள் வரிசை கட்டி நிற்கும் பெவர்லி ஹில்ஸ் பள்ளியிலோ, பத்துக்கு மேற்பட்ட பாடங்கள். இரண்டு பள்ளி மாணவர்களும் விண்ணப்பித்தது ஒரே கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு. ஒருவன் எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கினாலும் 4-ஐ ஒட்டித்தான் நிற்பான். மற்றவன் 4-ஐத் தாண்டிப் பறப்பான். 'நீ ஏன் கடினப் பாடத்தை எடுக்கவில்லை?' என்று கேட்பார்கள். இலையிலே பரிமாறாத பண்டத்தை ஏன் உண்ணவில்லை என்று விருந்தாளியைக் கடிந்துகொள்வது போல!

பள்ளியிலே பாடம் இருந்தாலும் அதற்கு முன்னே இன்னொரு பூட்டு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பிலே ஏ.பி. நுண்கணிதம் படிக்க வேண்டுமானால், அதற்கு முன்னே வரிசையாக நான்கு கணக்குப் பாடம் முடித்திருக்க வேண்டும். அந்த வரிசையின் முதற்படி இயற்கணிதம். அதை எட்டாம் வகுப்பிலே தொடங்கியவன் பன்னிரண்டிலே நுண்கணிதத்தை எட்டுவான். ஒன்பதிலே தொடங்கியவன் ஒரு படி கீழே நிற்பான். எட்ட வேண்டுமானால் ஓர் ஆண்டிலே இரண்டு கணக்கைச் சுமக்க வேண்டும். ஆகப் பதினெட்டு வயதிலே கிடைக்கும் அந்த எடையை, பதின்மூன்று வயதிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தெரியாது. தகப்பனும் படித்தவனாக இருந்தால்தான் தெரியும்.

ஒரு பள்ளியின் அலமாரி ஏன் நிறைந்திருக்கிறது, இன்னொன்றின் அலமாரி ஏன் காலியாக இருக்கிறது? பணம்! அங்கே பள்ளிக்குரிய பணத்திலே பெரும் பங்கு அந்தந்த வட்டாரத்து வீடு, நிலத்தின் மீது போடும் வரி. டெக்சாசிலே சான் அன்டோனியோ நகரத்திலே இரண்டு வட்டாரங்கள்: ஏழைகளின் எட்ஜ்வுட், செல்வர்களின் அலமோ ஹைட்ஸ். 1960-களின் கடைசியிலே, நூறு டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 செண்ட் வரி கட்டினார்கள் எட்ஜ்வுட் மக்கள். அதிலே வட்டாரத்தின் பங்காக ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியதோ 85 செண்ட். கிடைத்தது 333 டாலர்! கூடுதலாக வரி கட்டியவன் பிள்ளைக்குக் குறைவு, குறைவாகக் கட்டியவன் பிள்ளைக்குக் கூடுதல். எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1973-ல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிலே தீர்ப்பு: இந்த முறை அரசியல் சட்டத்துக்கு முரணல்ல என்று! ஒரே ஒரு நீதிபதியின் கை மாறி உயர்ந்திருந்தால் அந்த நாட்டுப் பள்ளிகளின் கதையே மாறியிருக்கும். டெக்சாசும் மற்ற மாநிலங்களும் பின்னே சில திருத்தங்களைச் செய்தன. மாநில அரசின் பங்கு கூடிற்று. ஆனாலும் வீட்டின் விலையும் பள்ளியின் தரமும் கைகோத்துக்கொண்டு நடப்பதை இன்றும் அந்த நாட்டிலே எந்த வீட்டுத் தரகரும் சொல்லுவார்.

'அப்படியானால் வேலை எளிது! பள்ளி மதிப்பெண்ணைத் தூக்கிக் குப்பையிலே போடு. நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு வை. தகுதி தானாக வெளிவரும்' என்று துள்ளி எழுகிறார்கள் சில மேதாவிகள். இந்தப் பாட்டை நாமும் கேட்டிருக்கிறோம்.

அமெரிக்காவிலே அந்தத் தேர்வு 1926-லேயே வந்துவிட்டது, எஸ்.ஏ.டி. என்று பெயர். தகுதி வெளிவந்ததா? 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று: நாட்டிலே நூற்றுக்கு ஒருவர் என்ற உச்சிச் செல்வர் வீட்டுப் பிள்ளை அந்தத் தேர்விலே 1600-க்கு 1300-ஐத் தொடும் வாய்ப்பு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இருப்பதைப் போல 13 மடங்கு! வெளிவந்தது தகுதியா, தகப்பனின் பணப்பையா? இதற்கு மாறாக, சிகாகோ நகரத்து அரசுப் பள்ளிகளிலே படித்தவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, கல்லூரிப் படிப்பை ஒருவர் முடிப்பாரா என்று சொல்வதிலே, பொதுத் தேர்வைக் காட்டிலும் பள்ளி மதிப்பெண் ஐந்து மடங்கு வலிமையுள்ளது என்று தெரிந்தது. ஆடுகிறது, நகர்கிறது, வீங்குகிறது என்று இத்தனை குறை சொன்னோமே, அந்த மதிப்பெண்தான்! ஏன்? மூன்று மணி நேரத் திறமையை அது அளக்கவில்லை. நான்கு ஆண்டு நாள்தோறும் பள்ளிக்கு வந்ததை, வீட்டுப் பாடம் எழுதியதை, விழுந்தும் எழுந்ததை அளக்கிறது.

நம் நாட்டுக் கதையும் இங்கே தொட வேண்டியதே. பல வாரியங்களின் பிள்ளைகளை ஒரே வரிசையிலே நிறுத்துவது எப்படி என்ற சிக்கல் நமக்கும் வந்தது. 2007-ல் தமிழ்நாடு நுழைவுத் தேர்வை நீக்கிச் சட்டம் கண்டபோது, ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்திலே யார் உச்சமோ அவரை அளவாக வைத்து மற்றவர்களின் மதிப்பெண்ணைச் சமன் செய்தது. அங்கே 90 உச்சம், இங்கே 100 உச்சம் என்றால், அங்கத்து 90-ம் இங்கத்து 100-ம் ஒன்று. படிக்குப் படி மாற்றிக் கணக்கிடுவது! 'நீட்' வந்து அந்தக் கணக்கை மருத்துவ வாயிலிலே செல்லாக்காசாக்கிற்று. பின்னே 2020-ல், அரசுப் பள்ளியிலே படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்குச் சட்டம் செய்ய நேர்ந்தது. ஏன் நேர்ந்தது? ஒரே தேர்வு, ஒரே கேள்வித்தாள், ஒரே மணி நேரம். ஆனால் தேர்வுக் கூடத்துக்கு வந்து சேர்ந்த பாதை ஒன்றல்ல என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

மீண்டும் அமெரிக்காவுக்கே போவோம். பொதுத் தேர்வே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த நாட்டுப் பள்ளி மதிப்பெண்கள் ஆண்டுக்காண்டு வீங்கி வருகின்றன. 1990-ல் பள்ளி முடித்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 2.68, 2019-ல் 3.11. அறிவும் அதே அளவு வளர்ந்ததா? 2009-க்கும் 2019-க்கும் இடையே மதிப்பெண் ஏறிற்று, நாடு தழுவிய கணக்குத் தேர்விலே அந்தப் பிள்ளைகளின் நிலை இறங்கிற்று! ஆகையாலே டார்ட்மத் கல்லூரி 2024-ல் எஸ்.ஏ.டி.யை மீண்டும் கேட்கத் தொடங்கிற்று. அது சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. ஏழைப் பள்ளிகளிலிருந்து வந்த நல்ல மாணவர்கள் சிலர், தங்கள் எண் போதாது என்று எண்ணி அதை மறைத்துக்கொண்டார்களாம். அவர்கள் பள்ளியிலே அந்த எண் எவ்வளவு அரிது என்று பார்த்திருந்தால் கல்லூரி அவர்களை மகிழ்ந்து ஏற்றிருக்குமாம்! பார்த்தீர்களா? பள்ளி மதிப்பெண்ணோ, பொதுத் தேர்வோ, எந்த எண்ணும் தனியே நின்றால் ஊமை. அது எந்த மண்ணிலே விளைந்தது என்று சேர்த்துச் சொன்னால்தான் வாய் திறக்கிறது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகம் இதிலே கொஞ்ச தூரம் நடந்திருக்கிறது. பள்ளிகள் போட்டு அனுப்பும் சராசரியை அது அப்படியே ஏற்பதில்லை, தானே கணக்கிட்டுக்கொள்கிறது. பத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை எடுத்து, கடினப் பாடத்துக்குக் கூட்டும் புள்ளியை எட்டுப் பருவங்களுக்கு மேலே போகாமல் வரம்பு கட்டியிருக்கிறது. முப்பது ஏ.பி. வைத்திருக்கும் பள்ளியின் பிள்ளையும் அந்த வரம்பிலே நிற்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் நூற்றுக்கு ஒன்பது என்ற முதல் வரிசையினருக்கு, அவர்கள் பள்ளியை வைத்தே தகுதி தருகிறது. இன்னொன்று: அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்களே 2004-ல் பார்த்தார்கள், கூட்டிக் கொடுத்த அந்தப் புள்ளி கல்லூரியிலே பிள்ளை எப்படிப் படிப்பான் என்பதை முன்கூட்டிச் சொல்கிறதா என்று. ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை! ஏ.பி. தேர்விலே வாங்கிய மதிப்பு சொல்லிற்று. வகுப்பிலே உட்கார்ந்ததற்காகக் கூட்டிய எடை சொல்லவில்லை. இருபது ஆண்டு கடந்தும் அந்த எடையைக் கூட்டிக்கொண்டே இருக்கிறார்கள், அந்தப் பல்கலைக்கழகம் உட்பட!

நாம் கேட்பது பெரிதல்ல. 13,000 வட்டாரங்களும் ஒரே அளவுகோலைப் பிடிக்க வேண்டும் என்று நாம் கட்டளையிட முடியாது. எண்ணை அனுப்பும்போது அதன் பிறப்புச் சான்றையும் சேர்த்து அனுப்பட்டும். பல பள்ளிகள் 'பள்ளி விவரம்' என்று ஒரு தாளைச் சான்றிதழோடு இணைக்கின்றன. அந்தத் தாள் இருக்கும் பள்ளி வசதியான பள்ளி. ஒரு வழிகாட்டி ஆசிரியர் சில நூறு பிள்ளைகளைச் சுமக்கும் பள்ளியிலே அதை எழுத ஆளேது? ஆகையாலே அதை மாநிலமே எழுதட்டும். மாணவனின் மதிப்பெண் சான்றிதழிலே, ஜி.பி.ஏ. அச்சிட்ட அதே பக்கத்திலே, அதே அளவு எழுத்திலே, நான்கே வரி: இங்கே 'ஏ' எதிலே தொடங்குகிறது? இந்தப் பள்ளியிலே எடை கூட்டும் பாடம் எத்தனை? அவற்றுக்கு எத்தனை புள்ளி கூட்டப்பட்டது? எட்டாம் வகுப்பிலே இயற்கணிதம் இந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததா? 4.86-ம் 3.9-ம் அடுத்தடுத்து மேசைக்கு வரும்போது, கல்லூரி அலுவலர் அந்த நான்கு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.